ஷிராஸ்: ஊருக்கு ஊர் மாறும் சுவையை ஒப்பிட்டு அறிவது எப்படி?

ஷிராஸ் என்பது ஒரு கருந்திராட்சை வகை, அதில் செய்யும் சிவப்பு ஒயினுக்கும் அதே பெயர். ஆஸ்திரேலிய ஷிராஸ் என்றாலே கருத்த, கனத்த, நாக்கில் லேசாக இனிக்கிற ஒயின் என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது தெற்கு ஆஸ்திரேலியாவின் பரோசா பள்ளத்தாக்கின் முகம் மட்டும்தான். அதே கொடி, சிட்னிக்கு வடக்கே இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஹன்டர் பள்ளத்தாக்கில் வளர்ந்தால் நிறம் இளகி, புளிப்பு முன்னால் வந்து நிற்கும். மேற்கு விக்டோரியாவின் கிராம்பியன்ஸ் பக்கம் வளர்ந்தால், அப்போதுதான் இடித்த மிளகின் வாசனை கிளாஸிலிருந்து எழும்.

இந்த வேறுபாடுகளை வீட்டு மேசையிலேயே ஒரு மாலைப் பொழுதில் பிரித்து உணர முடியும். ஆனால் கடைக்குப் போய்க் கண்ணில் பட்ட ஆறு ஷிராஸை வாங்கி வரிசையாக ஊற்றினால் வேலைக்கு ஆகாது. அப்போது நாம் ஒப்பிடுவது ஊர்களை அல்ல. பீப்பாய்களையும் விலைகளையும் அறுவடை ஆண்டுகளையும்தான். ஒயின் செய்பவரின் கை எவ்வளவு குறைவாகப் பட்டிருக்கிறதோ, அவ்வளவுக்கு மண்ணும் வெயிலும் நாக்குக்குத் தெரியும். ஆகவே பாதி வேலை பாட்டில் தேர்விலேயே முடிந்துவிடுகிறது.

பாட்டில் தேர்வு

முதலில் லேபிளில் ஊர்ப் பெயரைப் பாருங்கள். ஆஸ்திரேலியச் சட்டப்படி ஓர் ஊரின் பெயரைப் போட்டால் குறைந்தது 85 சதவீதத் திராட்சை அந்த ஊரினுடையதாக இருக்க வேண்டும். திராட்சை வகைக்கும் அறுவடை ஆண்டுக்கும் இதே 85 சதவீதக் கணக்குதான். ‘சவுத் ஈஸ்டர்ன் ஆஸ்திரேலியா’ என்று மட்டும் போட்டிருந்தால் அது பல மாநிலங்களை உள்ளடக்கிய பரந்த நிலப்பரப்பு. அந்தப் பாட்டில் இந்த வேலைக்குப் பயன்படாது.

இன்னொரு நுட்பமும் இருக்கிறது. ‘பரோசா’ என்று மட்டும் இருந்தால் அது பரோசா பள்ளத்தாக்கும் அதன் கிழக்கே உயரத்தில் இருக்கும் ஈடன் வேலியும் சேர்ந்த மண்டலத்தைக் குறிக்கும். இரண்டின் கலவையாகவும் இருக்கலாம். ‘பரோசா வேலி’ என்று இருந்தால்தான் பள்ளத்தாக்கின் ஒயின். இந்த இரண்டு ஊர்களையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கப் போகிறோம் என்பதால் இந்த ஒரு சொல் முக்கியம்.

புகழ்பெற்ற பாட்டில்களில் மயங்க வேண்டாம். பென்ஃபோல்ட்ஸ் கிரேஞ்ச் பெரும்பாலும் பல ஊர்த் திராட்சைகளைக் கலந்து செய்வது. 1951-ல் அந்த நிறுவனத்தின் ஒயின் தயாரிப்பாளர் மேக்ஸ் ஷூபர்ட் தொடங்கிய நாளிலிருந்து அதன் நோக்கமே ஒரு நிறுவனத்தின் பாணியை ஆண்டுதோறும் காப்பாற்றுவது. மகத்தான ஒயின்தான், ஆனால் ஊரைக் காட்டச் சொல்லி அதைக் கேட்கக் கூடாது.

அறுவடை ஆண்டு எல்லாப் பாட்டிலுக்கும் ஒன்றாகவோ ஓராண்டு முன்பின்னாகவோ இருக்கட்டும். ஆண்டின் வானிலை ஊரின் குணத்தை விழுங்கிவிடும். 2011 தென்கிழக்கு ஆஸ்திரேலியாவில் குளிரும் மழையுமாகக் கழிந்த ஆண்டு. அந்த ஆண்டின் பரோசா வழக்கத்தைவிட மெலிந்திருக்கும். 2014 ஹன்டருக்கு அபூர்வமாக வாய்த்த வெயில் ஆண்டு. அதை வைத்து ஹன்டரின் பொதுக்குணத்தை எடை போட்டால் கணக்குத் தப்பும். 2019-20 காட்டுத்தீயின் புகையால் 2020-ல் ஹன்டரிலும் கான்பராவிலும் பலர் சிவப்பு ஒயினே செய்யவில்லை. அந்த ஆண்டின் பாட்டில் கிடைத்தாலும் இந்த ஒப்பீட்டுக்கு வேண்டாம்.

அடுத்து ஓக் பீப்பாய். பரோசாவில் அமெரிக்க ஓக் நீண்ட காலமாகப் புழங்குகிறது. அது தேங்காய், வெண்ணிலா வாசனையைத் தரும். பிரெஞ்சு ஓக் கிராம்பு, வறுத்த காப்பிக்கொட்டை போன்ற வாசனையைத் தரும். புதுப் பீப்பாய் என்றால் இவை இரண்டுமே ஓங்கி ஒலிக்கும். ‘பரோசா என்றால் வெண்ணிலா’ என்று மனத்தில் பதிந்துவிடுவது இப்படித்தான். அது மண்ணின் வாசனை அல்ல, மரத்தின் வாசனை. பின்லேபிளிலோ தயாரிப்பாளரின் இணையதளத்திலோ புதுப் பீப்பாயின் பங்கு எவ்வளவு என்று பார்த்து, 30 சதவீதத்துக்குக் கீழே இருப்பவற்றை எடுங்கள். 300 லிட்டர் பீப்பாயைவிட 500 லிட்டர் பீப்பாயில் மரத்தின் தாக்கம் குறைவு, காரணம் கொள்ளளவு கூடும்போது ஒவ்வொரு லிட்டருக்கும் படுகிற மரப்பரப்பு குறைகிறது.

விலையில் ஆஸ்திரேலியக் கடைகளில் 30 முதல் 50 டாலர் வரையிலான வரிசை இந்த வேலைக்குப் பொருத்தம். அதற்கு மிகவும் கீழே போனால் பாட்டிலில் சிறிதளவு சர்க்கரையை விட்டுவைத்து மென்மையாக்கிய ஒயின்கள் கலந்துவிடும். வெகுமேலே போனால் புது ஓக்கின் பங்கு கூடும். லேபிளில் ‘ஷிராஸ்’ என்பதற்குப் பதில் ‘சிரா’ என்று இருந்தால் திராட்சை அதேதான். ஆனால் ஆஸ்திரேலியாவில் அந்தப் பெயரைப் போடுகிறவர்கள் பெரும்பாலும் இலகுவான, காம்போடு நொதிக்க வைத்த பாணியில் செய்கிறவர்கள். ஒப்பீட்டில் எல்லாமே ஷிராஸ் என்ற பெயரில் இருப்பது நல்லது. பின்னால் கான்பராவுக்கு எதிரே வைக்கப்போகும் பிரெஞ்சுப் பாட்டில் மட்டும் விதிவிலக்கு.

ஒரே தயாரிப்பாளர் பல ஊர்களில் ஷிராஸ் செய்திருந்தால் விட்டுவிடாதீர்கள். ஹன்டரின் புரோக்கன்வுட் நிறுவனம் தன் ஊர்த் திராட்சையோடு மெக்லாரன் வேல், பீச்வொர்த் திராட்சைகளிலும் தனித்தனியாக ஷிராஸ் செய்கிறது. செய்யும் கை ஒன்றாக இருக்கும்போது மீதி வித்தியாசத்தில் பெரும்பகுதி ஊருடையது என்று துணிந்து சொல்லலாம்.

மேசை ஏற்பாடு

வெப்பநிலை 16 முதல் 18 டிகிரி செல்சியஸ். 20-ஐத் தாண்டினால் ஆல்கஹால் மூக்கில் ஏறி எல்லா ஒயினையும் ஒரே மாதிரி ஆக்கிவிடும். ‘சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாற வேண்டும்’ என்பது குளிர்நாட்டு வீடுகளுக்குச் சொன்னது. சென்னையிலோ சிங்கப்பூரிலோ 30 டிகிரி அறையில் அது பொருந்தாது. அங்கே பாட்டிலை ஃபிரிட்ஜில் ஒன்றரை மணி நேரம் வையுங்கள். 22 டிகிரி அறையென்றால் முக்கால் மணி நேரம் போதும். அவசரமென்றால் ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில் பத்து நிமிடம். சமையலறைத் தெர்மாமீட்டரை முதல் கிளாஸில் விட்டுப் பார்த்துவிட்டால் சந்தேகம் இல்லை.

எல்லாப் பாட்டிலையும் ஒரு மணி நேரம் முன்பே திறந்து, ஒவ்வொன்றிலும் ஒரு வாய் ருசித்துக் கெட்டிருக்கிறதா என்று பாருங்கள். மூடியை மட்டும் கழற்றி வைப்பதால் ஒயினுக்குக் காற்று போய்ச் சேராது. பாட்டிலின் கழுத்து அவ்வளவு குறுகல். டிகாண்டரில், அதாவது ஒயினைக் காற்றாட வைக்கும் அகன்ற கண்ணாடிக் குடுவையில், ஊற்றுவதென்றால் எல்லாவற்றையும் ஊற்றுங்கள், இல்லையென்றால் எதையும் வேண்டாம். ஒன்றுக்கு மட்டும் சலுகை கொடுத்தால் ஒப்பீடு கெட்டது. பத்து ஆண்டுக்கு மேற்பட்ட ஹன்டர் கையில் இருந்தால் அதற்கு முறை வேறு: ஒரு நாள் முழுக்க நிமிர்த்தி வைத்து, ஊற்றும் நேரத்தில் மட்டும் வண்டலைப் பிரியுங்கள். மணிக்கணக்கில் காற்றாட விட்டால் அதன் மெல்லிய வாசனை பறந்துவிடும்.

கிளாஸ் வாய் குறுகி அடி அகன்றதாக, எல்லாம் ஒரே மாதிரியாக இருக்க வேண்டும். ஆளுக்கு 50 மில்லி ஊற்றினால் 750 மில்லி பாட்டில் பதினைந்து பேருக்கு வரும். ஒரு மாலைக்கு ஆறு ஒயின் என்று வைத்து, ஆறையும் விழுங்கினால் ஒருவர் 300 மில்லி குடித்திருப்பார்; 14 சதவீத ஆல்கஹால் என்று வைத்தால் சுமார் 33 கிராம் தூய ஆல்கஹால், ஓர் அளவுக்கு 10 கிராம் என்ற ஆஸ்திரேலியக் கணக்கில் மூன்று அளவுக்கு மேல். நாக்கு மழுங்குவதற்கு அதுவே போதும். ஆகவே துப்புவதற்கு ஆளுக்கொரு டம்ளர் வையுங்கள், வண்டி ஓட்டி வந்தவர் துப்பியே ஆக வேண்டும்.

வாசனைதான் இந்த வேலையில் பாதி. ஊதுபத்தி, சாம்பிராணி, தாளிப்பு வாசனை அறையில் இருக்கக் கூடாது. தலையில் வைத்த மல்லிகைச் சரம் அழகுதான், ஆனால் இரண்டு மணி நேரம் அதைக் கழற்றி வைக்கத்தான் வேண்டும். நாக்கைத் துடைக்க உப்பில்லாத வெள்ளை ரொட்டியும் தண்ணீரும் போதும். சீஸ் வேண்டாம், அதன் கொழுப்பும் புரதமும் டானினை, அதாவது ஈறை வறளவைக்கும் துவர்ப்பை, மறைத்துவிடும். காரமான பக்கோடா, மிக்சர் எல்லாம் கடைசியில். மிளகாய்க் காரம் நாக்கில் இருக்கும்போது ஆல்கஹால் இரண்டு மடங்கு எரிகிறதுபோல் தோன்றும், டானின் கசக்கும்.

எதைக் கவனித்து எழுதுவது

‘ப்ளாக்பெர்ரி’, ‘ப்ளம்’ என்று பழப் பெயர் அடுக்குவதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். பழத்தின் பெயர் ஆளுக்கு ஆள் மாறும். நமக்கு நாவல் பழமாகத் தெரிவது இன்னொருவருக்கு வேறாகத் தெரியும். ஒயினின் எலும்புக்கூடு அப்படி மாறாது. ஆகவே ஒவ்வொரு கிளாஸுக்கும் ஐந்து விஷயத்தை ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடுங்கள்.

நிறம்: கிளாஸை வெள்ளைத் தாளின் மேல் சாய்த்துப் பிடியுங்கள். தாளில் அச்சடித்த எழுத்து நடுப்பகுதி வழியாகத் தெரிகிறதா? ஹன்டரில் பெரும்பாலும் மங்கலாகத் தெரியும், விக்டோரியாவின் ஹீத்கோட்டில் தெரியவே தெரியாது.

புளிப்பு: துப்பிய பிறகு வாயைத் திறந்து தலையைக் குனியுங்கள். நாக்கின் இரு ஓரத்திலும் எச்சில் எவ்வளவு வேகமாக ஊறுகிறது என்று பாருங்கள். புளிப்பை எடைபோட இதைவிட நம்பகமான வழி வீட்டில் கிடையாது. வெப்பமான ஊர்களில் டார்டாரிக் அமிலம் சேர்ப்பது ஆஸ்திரேலியாவில் சட்டப்படி சாதாரணம். அது சரியாகக் கலக்காதபோது பழம் ஒரு பக்கமும் புளிப்பு ஒரு பக்கமுமாகப் பிரிந்து, முடிவில் நாக்கு நுனியில் கூர்மையாகக் குத்தும். இயல்பான புளிப்பு தொடக்கத்திலிருந்தே பழத்தோடு சேர்ந்து ஓடும்.

டானின்: மேலுதட்டின் உட்புறத்தையும் ஈறையும் நாக்கால் தடவுங்கள். வழவழப்பா, சுண்ணாம்புப் பொடியா, மணலா? அளவைவிடத் தன்மைதான் ஊரைக் காட்டும்.

ஆல்கஹால்: தொண்டையிலும் நெஞ்சிலும் சூடு எவ்வளவு? லேபிளில் இருக்கும் சதவீதத்தை அப்படியே நம்ப வேண்டாம். ஆஸ்திரேலிய விதி ஒயினுக்கு 1.5 சதவீதப் புள்ளி வரை முன்பின் இருக்க அனுமதிக்கிறது.

ஐந்தாவது, கனம் எங்கே உட்காருகிறது என்பது. சில ஒயின்கள் வாயில் வைத்ததும் நிறைந்துவிட்டுப் பிறகு வடியும். சில நடுவில் விரியும். இன்னும் சில மெலிதாகத் தொடங்கி விழுங்கிய பிறகுதான் நீளும். பரோசாவையும் ஈடன் வேலியையும் பிரிக்க இந்த ஒன்றே பல நேரம் போதுமானது.

ஜோடி ஜோடியாக

ஆறையும் ஒரே வரிசையில் ருசித்தால் நான்காவதில் ஈறு மரத்துவிடும். இரண்டிரண்டாக எடுத்து, ஒவ்வொரு ஜோடியிலும் இலகுவானதை முதலில் ருசித்து, கனமானதற்குப் போய், மறுபடி முதலுக்குத் திரும்புங்கள். அந்தத் திரும்பும் வாயில்தான் அதிகம் தெரியும். இரண்டு ஜோடிக்குப் பிறகு இருபது நிமிட இடைவேளை.

*பரோசா வேலியும் ஈடன் வேலியும்.* தொடங்க இதைவிடச் சுத்தமான ஜோடி இல்லை. பக்கத்துப் பக்கத்து ஊர்கள், பல நேரம் ஒரே தயாரிப்பாளர். மாறுவது பெரும்பாலும் உயரம்தான். பள்ளத்தாக்கின் தரை சுமார் 250 முதல் 300 மீட்டரில், ஈடன் வேலியின் தோட்டங்கள் பெரும்பாலும் 400 மீட்டருக்கு மேல். உயரத்தில் இரவு குளிர்கிறது, பழம் மெதுவாகப் பழுக்கிறது, அறுவடை இரண்டு வாரம் வரை தள்ளிப் போகிறது, பழத்தில் புளிப்பு மிஞ்சுகிறது.

பள்ளத்தாக்கு ஒயினில் பழுத்துக் கருத்த பழம், அதிமதுரம், வாய் நிறைந்த கனம், வழவழப்பான டானின், ஆல்கஹால் 14.5-ஐத் தொடுவது சாதாரணம். ஈடன் வேலியில் அதே கருமை இருந்தாலும் உருவம் ஒடுங்கியிருக்கும். பூவாசனையும் மூலிகை வாசனையும் மேலே வரும், முடிவு நீளும். பரோசாவின் கனத்தை வெயில் மட்டும் கொடுக்கவில்லை, கொடியின் வயதும் சேர்ந்துதான் கொடுக்கிறது. தெற்கு ஆஸ்திரேலிய மாநிலத்துக்குள் கொடியின் வேரை அழிக்கும் ஃபைலாக்செரா பூச்சி நுழையவே இல்லை என்பதால், 19-ஆம் நூற்றாண்டில் நட்ட கொடிகள் சொந்த வேரில் இன்னும் காய்க்கின்றன. லாங்மெய்லின் ஃப்ரீடம் தோட்டம் 1843-ல் நட்டது. 2009-ல் வகுத்த பரோசாவின் பழங்கொடிச் சாசனம் 35, 70, 100, 125 வயது என்று நான்கு படி வைத்திருக்கிறது. லேபிளில் இந்த வயதுக் குறிப்பு இருந்தால், எதிரே வைக்கும் ஈடன் வேலிப் பாட்டிலும் பழங்கொடியாக இருந்தால் நல்லது. இளங்கொடியை எதிரே வைத்தால் உயரத்தின் பலன் எது, வயதின் பலன் எது என்று பிரிக்க முடியாது.

*ஹன்டரும் பரோசாவும்.* மொத்த வரிசையிலும் மிகுதியாகக் கற்றுக்கொடுக்கிற ஜோடி இது. ‘வெப்பமான ஊர் கனமான ஒயின், குளிர்ந்த ஊர் இலகுவான ஒயின்’ என்ற சூத்திரம் இங்கே உடைகிறது. ஹன்டர் வெப்பமான ஊர்தான், வெயில் கணக்கில் பரோசாவுக்குச் சளைத்ததல்ல. ஆனாலும் ஒயின் 12.5 முதல் 13.5 சதவீதத்தில், நடுத்தர கனத்தில் நிற்கிறது. காரணம் ஈரமும் மழையும். கடல் பக்கமிருந்து பிற்பகலில் மேகம் வந்து வெயிலை மூடுகிறது, காற்றில் ஈரப்பதம் அதிகம். அதைவிட முக்கியமாக, பழம் பழுக்கும் வேளையிலேயே கோடை மழை இறங்குகிறது. மழையில் குலை அழுகிவிடும் என்பதால் ஜனவரிக் கடைசியிலும் பிப்ரவரியிலும் பறித்துவிடுகிறார்கள், சர்க்கரை உச்சத்துக்கு ஏறும்வரை காத்திருக்க முடியாது. பரோசாவில் மழைக்கவலை குறைவு. மார்ச் வரைகூடக் கொடியிலேயே விடலாம்.

இளம் ஹன்டரில் சிவந்த பழம், மழை விழுந்த செம்மண், சுறுசுறுப்பான புளிப்பு. பரோசாவுக்குப் பிறகு உடனே இதை ருசித்தால் தண்ணீர்போலத் தோன்றும். அதனால்தான் இலகுவானது முதலில். பத்து, பதினைந்து ஆண்டுகளில் பழம் பின்வாங்கித் தோல் பையின் வாசனையும் மண்ணும் முன்னே வரும். ஹன்டரின் மவுன்ட் பிளஸன்ட் நிறுவனத்தில் மாரிஸ் ஓ’ஷே 1930களிலும் 40களிலும் செய்த ஒயின்கள்தான் இந்தப் பாணிக்கு மதிப்பைத் தேடித்தந்தன. டிரெல்ஸ், மவுன்ட் பிளஸன்ட், புரோக்கன்வுட் ஆகியவற்றில் எதை எடுத்தாலும் ஊரின் குணம் தெளிவாகக் கிடைக்கும்.

*மெக்லாரன் வேலும் பரோசாவும்.* இது கடினமான ஜோடி, அனுபவசாலிகளும் மாற்றிச் சொல்வார்கள். அடிலெய்டுக்குத் தெற்கே, செயின்ட் வின்சென்ட் வளைகுடாவை ஒட்டிய ஊர்; பிற்பகல் கடற்காற்று வெயிலைத் தணிக்கிறது. கருஞ்சாக்லேட், உப்புக்கரிக்கிற ஒரு சாயல், பரோசாவைவிடச் சற்று மென்மையான நடுப்பகுதி ஆகியவற்றைத் தேடுங்கள். லேபிளில் ‘ப்ளூவிட் ஸ்பிரிங்ஸ்’ என்று இருந்தால் அது மணல் பாங்கான மேட்டுப் பகுதி. ஒயின் வாசனை தூக்கலாகவும் இலகுவாகவும் இருக்கும். தொடக்கத்தில் இருப்பவர்கள் இந்த ஜோடியைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

*கிராம்பியன்ஸும் ஹீத்கோட்டும்.* இரண்டும் விக்டோரியா. கிராம்பியன்ஸில் தேட வேண்டிய தயாரிப்பாளர்கள்: கிரேட் வெஸ்டர்ன் பகுதியில் பெஸ்ட்ஸ், அருகே மவுன்ட் லாங்கி கிரன். இங்கே மிளகு கற்பனை அல்ல. ரோட்டன்டோன் என்ற மூலக்கூறுதான் இந்த வாசனைக்குக் காரணம் என்று ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனம் 2008-ல் வெளியிட்டது. நம் ரசத்தில் போடும் கருமிளகிலும் இதே பொருள்தான். சிவப்பு ஒயினில் ஒரு லிட்டருக்கு 16 நானோகிராம் இருந்தாலே மூக்குக்கு எட்டிவிடும். குலைக்கு வெயில் படாமல், குளிர்ந்த ஆண்டில், மெதுவாகப் பழுத்தால் கூடும், சூடேறினால் குறையும். அதனால்தான் பரோசாவில் இது அரிது.

ஆனால் ஒரு எச்சரிக்கை: சுமார் ஐந்தில் ஒருவருக்கு ரோட்டன்டோன் வாசனை தெரிவதே இல்லை. மேசையில் ஒருவர் ‘மிளகே இல்லையே’ என்றால் அவர் தவறாகச் சொல்லவில்லை, அவருடைய மூக்கின் அமைப்பு அப்படி. ஒப்புநோக்க நாலு மிளகை நுணுக்கி, வெறும் கிளாஸில் போட்டு மேலே தட்டு மூடி வையுங்கள். ஒயினை முகர்ந்துவிட்டு அதை முகரலாம். மிளகு தெரியாதவர்கள் புளிப்பையும் டானினையும் வைத்தே கிராம்பியன்ஸைப் பிடிக்க வேண்டும்: நடுத்தர கனம், நேர்கோட்டில் ஓடும் புளிப்பு, மெல்லிய பொடிபோன்ற டானின்.

ஹீத்கோட் அதற்கு எதிர். ஐம்பது கோடி ஆண்டுக்கு முந்தைய கேம்பிரியன் காலப் பாறை சிதைந்த ஆழமான செம்மண். கண்ணுக்கே கரிய நிறம், அடர்த்தியான நடுப்பகுதி. சில பாட்டில்களில் புதினா, யூகலிப்டஸ் வாசனை வரும். இதை மண்ணின் வாசனை என்று எழுதாதீர்கள். தோட்டத்தை ஒட்டி நிற்கும் யூகலிப்டஸ் மரங்களின் எண்ணெய் திராட்சைத் தோலில் படிவதாலும், இலையும் குச்சியும் அறுவடையோடு சேர்ந்து தொட்டிக்குள் போவதாலும் வருவது அது. மரத்துக்கு அருகிலுள்ள வரிசையில் அதிகம், தள்ளியிருக்கும் வரிசையில் குறைவு. ஒரே ஊரில் ஒரு தோட்டத்தில் இருக்கும், பக்கத்துத் தோட்டத்தில் இருக்காது.

*கான்பராவும் வட ரோனும்.* பிரான்சின் ரோன் நதிக்கரையில் உள்ள கோட்-ரோட்டியில் சிரா திராட்சையோடு வியோனியே என்ற வெள்ளைத் திராட்சையை 20 சதவீதம் வரை சேர்த்து நொதிக்க வைக்கச் சட்டம் அனுமதிக்கிறது. நடைமுறையில் அதைவிட வெகு குறைவாகவே சேர்க்கிறார்கள். கான்பரா அருகே மரம்பேட்மனில் இருக்கும் குளோனகில்லா நிறுவனம் 1992 அறுவடையிலிருந்து அதே வழியில் ஷிராஸ் வியோனியே செய்து, ஆஸ்திரேலியாவில் ஒரு தலைமுறையின் போக்கையே மாற்றியது. உயரமான, இரவில் நன்கு குளிரும் ஊர். சிவந்த பழம், மசாலா, பூவாசனை, பட்டுப்போன்ற டானின்.

ஆனால் அந்த ஆப்ரிகாட் பழ வாசனை வியோனியேவுடையது, கான்பராவுடையது அல்ல. ஊரைப் பார்க்க வேண்டுமென்றால் வியோனியே சேராத கான்பரா ஷிராஸை எடுங்கள். எதிரே, கோட்-ரோட்டியின் விலை கைக்கு எட்டாவிட்டால் அதே வட ரோனின் க்ரோஸ்-எர்மிடாஜ் அல்லது சான்-ஜோசஃப் போதும். அங்கே கருப்பு ஆலிவ், புகையில் வாட்டிய இறைச்சி, 12.5-13 சதவீத ஆல்கஹால். பழத்தைவிடக் காரசாரமான வாசனை முன்னே நிற்கும். பச்சைக் காம்பின் கசப்பும் சோம்பு வாசனையும் வந்தால் அது குலையைக் காம்போடு நொதிக்க வைத்ததால்.

குறையை ஊரின் குணமாக எழுதிவிடாமல்

வெயிலில் கிடந்த பாட்டில்தான் மிகுதியாக ஏமாற்றும். வாரக்கணக்கில் 30 டிகிரிக்கு மேல் இருந்த ஒயினில் பழம் வெந்து ஜாம் வாசனை வரும். கிராம்பியன்ஸ் பாட்டிலே பரோசாபோலத் தோன்றும். கார்க் மேலே தள்ளியிருக்கிறதா, கழுத்தில் வழிந்த கறை இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். ஏசி இல்லாத கடையின் ஜன்னலோரப் பாட்டிலைத் தொடாதீர்கள்.

நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்து பழமே இல்லாமல் போனால் கார்க் கெட்டது. காற்றாட விட்டால் தீராது, கடைக்குத் திருப்பிக் கொடுங்கள். உரசிய தீக்குச்சி, அவித்த முட்டை வாசனை கந்தகச் சேர்மங்களால் வருவது. ஸ்க்ரூ கேப் பாட்டிலில் அடிக்கடி காணலாம். டிகாண்டரில் இரண்டு முறை வேகமாக ஊற்றி மாற்றினால் பெரும்பாலும் போய்விடும். நெயில் பாலிஷ் வாசனை தூக்கலாக இருந்தால் அது ஆவியாகும் அமிலமும் அதன் கூட்டாளிகளும், அதற்கு மருந்து இல்லை.

காயத்தில் ஒட்டும் பிளாஸ்டர், குதிரை லாய வாசனை பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்டால் வருவது. ஒரு காலத்தில் ‘வியர்த்த சேண வாசனை’ என்று இதை ஹன்டரின் அடையாளமாகவே எழுதினார்கள். அது தொட்டியிலும் பீப்பாயிலும் வந்த நோய், ஊரின் குணம் இல்லை. சுத்தமாகச் செய்த ஹன்டர் வயதாகும்போது தோல் வாசனை வரும், ஆனால் முடிவில் உலோகக் கசப்பும் வறட்சியும் இருக்காது. அந்தக் கசப்பை வைத்து இரண்டையும் பிரிக்கலாம்.

இந்தியப் பாட்டிலைச் சேர்ப்பதென்றால்

நாசிக் ஷிராஸ் இந்த வரிசையில் தனி இடம் பெறும். அங்கே பருவமழையைத் தவிர்க்க ஆண்டுக்கு இரண்டு முறை கவாத்து செய்கிறார்கள்: ஏப்ரல் வாக்கில் ஒன்று, மழை ஓய்ந்த செப்டம்பர்-அக்டோபரில் இன்னொன்று. பழம் குளிர்காலத்தில் பழுத்து ஜனவரி முதல் மார்ச்சுக்குள் அறுவடையாகிறது. பழச்சுவை முன்னே நிற்கும், டானின் இளகியிருக்கும். பெரும்பாலானவற்றை மூன்று, நான்கு ஆண்டுக்குள் குடித்துவிடுவது நல்லது. சுலா நிறுவனத்தின் ‘ராசா’ ஷிராஸ் ஓக் கூடிய பாணி. ஊரைப் பார்க்க ஓக் குறைந்த பாட்டிலைத் தேடுங்கள். எதிரே பரோசாவை வைக்காமல் இளம் மெக்லாரன் வேல் ஒயினை வைத்தால் ஒப்பீடு நியாயமாக இருக்கும்.

கண்டுபிடித்ததைச் சோதிப்பது

ஜோடிகள் முடிந்ததும் யாராவது ஒருவர் பக்கத்து அறையில் கிளாஸ்களில் ஊற்றி எண் ஒட்டிக் கொண்டுவரட்டும். பாட்டிலுக்குப் பை மாட்டினால் போதாது. தோள் சரிந்த பாட்டிலா நிமிர்ந்ததா என்பதே ஊரைக் காட்டிக்கொடுக்கும்.

முக்கோணச் சோதனை செய்யுங்கள்: மூன்று கிளாஸ், இரண்டில் ஒரே ஒயின், ஒன்றில் வேறு. எது தனி என்று சொல்ல வேண்டும். ஆறு முறை செய்து ஐந்தில் சரியாகச் சொன்னால் அது குருட்டாம்போக்கு அல்ல; வெறும் ஊகத்தில் அப்படி அமைய நூற்றுக்கு இரண்டு வாய்ப்புகூட இல்லை. பரோசாவும் ஹன்டரும் முதல் மாலையிலேயே பிரிந்துவிடும். பரோசாவையும் மெக்லாரன் வேல் ஒயினையும் பிரிக்க முடியாமல் போனால் வருந்த வேண்டாம், அந்த இரண்டும் உண்மையிலேயே நெருங்கியவை.

மீந்த ஒயினை மூடி ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் 16 டிகிரிக்கு வந்ததும் அதே ஐந்து மதிப்பெண்ணையும் மறுபடி போடுங்கள். நல்ல புளிப்பும் டானினும் உள்ள ஈடன் வேலி, கிராம்பியன்ஸ், வட ரோன் பாட்டில்கள் பெரும்பாலும் இன்னும் விரிந்திருக்கும். பழுத்த பழத்தையும் ஆல்கஹாலையும் மட்டும் நம்பி நின்றவை தளர்ந்து, தொண்டையில் சூடு மட்டும் மிஞ்சும். மூன்றாம் நாளுக்கு மேல் எதையும் வைக்க வேண்டாம். மட்டன் குழம்பில் ஊற்றிவிடலாம்.